16ஆம் நாளுக்கும் 21ஆம் நாளுக்கும் நடுவே

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகளுக்குப் பிறப்பு இறப்புப் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலர்தான். அந்த வேலையில் இருப்பதால், துக்க வீட்டுக்காரர்கள் முதலில் ஏறும் அரசாங்கப் படி பெரும்பாலும் என் அலுவலகப் படியாகவே இருக்கிறது.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் உயிர் போனால் மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். பந்தல், பாடை, அடுப்பு மூட்டாத வீட்டுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, எதுவும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. 16ஆம் நாள் கருமாதி வரை வீடு கொள்ளாத கூட்டம். இறப்பைக் கட்டணமில்லாமல் பதிய 21 நாள் அவகாசம். சொந்தபந்தம் பஸ் ஏறும்போது மிச்சமிருப்பது ஐந்தே நாள். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம். ஒரு வருடம் போய்விட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை அலைய வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தவரை ஊரில் அடக்கம் செய்துவிட்டு என்னிடம் பதிய வருகிறவர்களும் உண்டு. எந்த ஊரில் உயிர் போனதோ அந்த ஊரில்தான் பதிவு.

சான்றிதழ் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பேங்க் பாஸ்புக். ஒரு கொத்தனார் மாரடைப்பில் போனார். "ஒண்ணும் சேத்து வைக்கலீங்க சார்" என்றார் அவர் மனைவி. பாஸ்புக்கில் மே மாதக் கடைசி வரிகளைத் தேடினேன். 436 ரூபாய் கழிந்திருந்தது. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான வருடப் பிரீமியம் அது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம். கவுண்டரில் நீட்டிய படிவத்தில் என்றோ கையெழுத்துப் போட்டிருக்கிறார், வீட்டில் சொல்லவில்லை. அந்த அம்மா அந்த வரியின்மேல் விரலை வைத்து, "இது அவரு கட்டுனதா?" என்று இரண்டு தடவை கேட்டார். 30 நாளுக்குள் படிவம் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

20 ரூபாய் கழிந்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. பாம்புக்கடியும் மரத்திலிருந்து விழுவதும் அதில் சேரும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனதற்குப் பதிவு வேண்டும். "உடம்பை அறுக்க வேண்டாம்" என்று வீட்டோடு வைத்து அடக்கம் செய்துவிடுகிறார்கள். அந்த மனசு புரிகிறது. இருந்தாலும் கடித்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றுதான் சொல்வேன். உயிர் பிழைக்கவும் அதுதான் வழி.

திருப்பூர், ஓசூர் கம்பெனியில் இருந்தவர் என்றால் பி.எஃப். பணத்தோடு முடிவதில்லை. அதோடு சேர்ந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை உண்டு. ஈ.எஸ்.ஐ. இருந்தால் ஈமச்சடங்குக்கு 15,000. சம்பாதித்த ஆள் 60 வயதுக்குள் போய், குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் 20,000. தகுதியுள்ள விதவைகளுக்கு மாதம் 1,200 ஓய்வூதியம். டிரங்குப்பெட்டியில் தொழிலாளர் நல வாரிய அட்டை கிடக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வேன்.

இதில் எல்லாரையும் அலைக்கழிப்பது பெயர்தான். ஆதாரில் முருகேசன், ரேஷன் கார்டில் முருகேசு, பாஸ்புக்கில் இனிஷியல் வேறு. பதியும்போதே ஆதாரை வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இத்தனை காகிதத்துக்கும் உரியவள் வரமாட்டாள். தாலி இறங்கியவள் வாசல் தாண்டக் கூடாது என்று கொழுந்தனோ மச்சானோ வருவார்கள். பொறுப்பானவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எதில் கைரேகை வைக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு எப்படியும் விசாரணை உண்டு. அப்போது நானே வீட்டுக்குப் போய் அவளிடம் நேராகப் பேசுகிறேன். எந்தக் கணக்கில் பணம் வரும், பாஸ்புக் யார் கையில் இருக்க வேண்டும் என்பதை எல்லார் முன்னாலும் சொல்கிறேன். அவள் சேர்ந்திருக்கும் மகளிர் குழுவுக்கும் தகவல் கொடுப்பேன். பேங்குக்குக் கூட்டிப்போக இரண்டு பெண்கள் வந்து நின்றால், வெளியே போகாதே என்று தடுக்க எந்த வீட்டிலும் வாய் எழுவதில்லை.