ஈயத்தை எடுத்தது பூஞ்சைதானா?

முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். வெங்காயத் தோலில் கறுப்பாகப் படியுமே, அதே பூஞ்சைதான். தண்ணீரில் கரைந்த ஈயத்தை அது எவ்வளவு பிடிக்கும் என்று அளக்க வேண்டும். பூஞ்சை உலோகத்தைப் பிடிக்கும் என்பது புதுச் செய்தி இல்லை. ரைசோபஸ் என்ற இன்னொரு பூஞ்சை யுரேனியத்தைப் பிடிப்பதை செசோஸ், வோலெஸ்கி என்ற ஆய்வாளர்கள் 1981லேயே வெளியிட்டுவிட்டார்கள். அதனால் என் கைடு கேட்டுக்கொண்டே இருந்தது ஒன்றுதான்: "பிடித்தது பூஞ்சைதான் என்று எப்படிச் சொல்வாய்?"

இந்த வேலைக்குப் பூஞ்சை உயிரோடு இருக்க வேண்டியதில்லை, அது பெரிய வசதி. திரவ ஊடகத்தில் குலுக்கி வளர்த்தால் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும். வடிகட்டி, நீர்த்த காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து, கழுவி, 60 டிகிரியில் காயவைத்துப் பொடித்தேன். காரம் செல்சுவரின் புரதத்தைக் கரைத்து, சுவரில் உள்ள கைட்டின் என்ற பொருளில் ஒரு பகுதியைக் கைட்டோசானாக்கும். அதில் உலோகம் ஒட்டிக்கொள்ள நைட்ரஜன் கொண்ட அமைன் தொகுதிகள் கிடைக்கும். கழுவுவதற்குத்தான் பொறுமை வேண்டும். துளி காரம் தங்கினாலும் கரைசலின் பிஎச் (அமில-கார அளவு) ஏறிவிடும்.

பிஎச்தான் இதில் எல்லாம். 2 பக்கம் இறங்கினால் ஈயத்துக்கான இடங்களை ஹைட்ரஜன் அயனிகள் பிடித்துக்கொள்ளும். 6ஐத் தாண்டினால் ஈயம் ஹைட்ராக்சைடாகத் தானே வீழ்படியத் தொடங்கும், அதாவது கரையாத திடப்பொருளாகப் பிரியும். அப்போது எண்கள் பிரமாதமாக இருக்கும், பூஞ்சைக்கு அதில் பங்கிருக்காது. நான் 5இல் வைத்துக்கொண்டேன். பிஎச்சை மாறாமல் நிறுத்தப் பயன்படும் பாஸ்பேட் தாங்கல் கரைசலையும் தொடவில்லை; ஈய பாஸ்பேட் கரையாது, அதுவும் வீழ்படிவாகிவிடும்.

ஒவ்வொரு முறையும் பொடி போடாத குடுவை ஒன்றும் கூடவே குலுங்கும். அதையும் அதே வடிதாளில் வடித்தேன், ஏனென்றால் தாளும் கண்ணாடியும்கூடக் கொஞ்சம் ஈயத்தை வைத்துக்கொள்ளும். வடித்த மாதிரியில் உடனே சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, மிஞ்சிய ஈயத்தை அளக்கும் அணு உறிஞ்சல் கருவிக்கு அனுப்பினேன். பெரும்பகுதி ஈயம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுகிறது. அப்புறம் வரைபடம் கிடையாகப் போகும், பார்க்கச் சலிப்புதான்.

பொடியை 0.1 மோலார் நைட்ரிக் அமிலத்தில் கழுவினால் ஈயம் திரும்பி வரும். கணக்கு நேராகிறதா என்று பார்க்க இது உதவும். ஆனால் வீழ்படிவும் அமிலத்தில் கரையும் என்பதால், இதை மட்டும் வைத்து வாதாட முடியாது.

நீரை ஓடவிடும் குழாயில் (பத்தியில்) நிரப்பினால் பொடி அடைத்துக்கொண்டு நீர் இறங்காது. அதனால் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டின் கால்சியம் உப்பாலான கூழ் மணிகளுக்குள் பொதிந்தேன். ஆல்ஜினேட்டுக்கும் ஈயம் என்றால் கொள்ளை ஆசை. பூஞ்சையில்லாத வெறும் மணிகளே கணிசமாகப் பிடித்தன. அதைக் கழித்து எஞ்சிய எண்ணைத்தான் ஆய்வேட்டில் எழுதினேன். கைடு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.