நாலாவதாக யார்?

ஜூன் 5, 2019, புதன்

சவுதாம்ப்டனில் உலகக் கோப்பை ஆட்டம். இந்தியாவுக்கு நாலாவதாக ராகுல் இறங்கினார். 26 ரன். ரோஹித் 122 அடித்து கடைசி வரை நின்றதால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பேசினேன். "ஜெயிச்சாச்சு, விடு பாப்பா" என்றார் அப்பா.

காலில் மாவுக்கட்டு நன்றாக இறுகிவிட்டது. உள்ளே அரிப்பு ஆரம்பம்.

ஜூன் 9, ஞாயிறு

இன்றைக்கு நாலாவது ஹர்திக் பாண்டியா! தவான் சதம் அடித்துவிட்டுப் போனபோது 220க்கு 2. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது, குதிக்கத்தான் முடியாது. முதல் பந்திலேயே ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் கேரி கேட்சை விட்டார். அப்புறம் 27 பந்தில் 48. அடுத்து தோனி, அதற்கு அடுத்துதான் ராகுல். இதுதான் எனக்குப் பிடித்த வரிசை. இரண்டு விக்கெட்டுக்கு 220 என்றால் அடிக்கிறவர் போக வேண்டும். யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது.

சரி, இரண்டு விக்கெட்டுக்கு 20 என்றால் யார் போவார்? அப்பாவிடம் கேட்டேன். "அந்த நிலைமையே வராது" என்றார்.

ஜூன் 11, செவ்வாய்

தவானுக்கும் எலும்பு முறிவாம். கட்டைவிரல். துணைக்கு ஆள் கிடைத்தது.

ஜூன் 13, வியாழன்

நாட்டிங்காமில் மழை, ஒரு பந்துகூடப் போடவில்லை. இங்கே தெருவில் குடங்கள் காலையிலிருந்து வரிசையாகக் காய்கின்றன. அங்கே பெய்கிற மழையைப் பார்த்து அப்பா திட்டினார். அதையும் பார்த்தாயிற்று.

ஜூன் 16, ஞாயிறு

ராகுல் ஓப்பனிங் போய்விட்டதால் விஜய் சங்கர் உள்ளே வந்தார். ஆனால் நாலாவதாக இறங்கியது மறுபடி ஹர்திக், அடுத்து தோனி. நாலாம் நம்பருக்கென்றே எடுத்த ஆள் ஆறாவதாக வந்து 15 ரன். புவனேஸ்வர் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போக, மிச்ச ஓவரைப் போட வந்த விஜய் சங்கர், உலகக் கோப்பையில் தான் போட்ட முதல் பந்திலேயே இமாமை எல்.பி.டபிள்யூ. ஆக்கினார். அப்பா போட்ட சத்தத்தில் மாடி வீட்டு மாமா இறங்கி வந்துவிட்டார்.

"பாத்தியா, த்ரீ டி!" என்கிறார் அப்பா. பாகிஸ்தானை ஜெயித்த ராத்திரியில் வேறு என்ன பேசுவார்.

எனக்கு வெலிங்டன் ஞாபகம் வருகிறது. இந்த பிப்ரவரியில்தான். நியூசிலாந்தின் போல்ட்டும் ஹென்றியும் போட்ட போட்டில் 18க்கு 4. அங்கே நின்று 90 அடித்தவர் ராயுடு. எதிர்முனையில் கூடவே நின்று 45 அடித்தவர் இதே விஜய் சங்கர். நாலாம் நம்பருக்கு ராயுடுதான் என்று போன அக்டோபரில் கோலி வாயாலேயே கேட்டோம். ஏப்ரல் 15ஆம் தேதி அணியை அறிவித்தபோது ராயுடு இல்லை. விஜய் சங்கரிடம் பேட்டிங், பவுலிங், பீல்டிங் என மூன்று பரிமாணம் இருக்கிறதென்றார் தேர்வுக்குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத். மறுநாள் ராயுடு, உலகக் கோப்பை பார்க்க த்ரீ டி கண்ணாடி ஆர்டர் செய்திருப்பதாக ட்விட்டரில் போட்டார். எல்லோரும் சிரித்தோம். இப்போது யோசித்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஜூன் 20, வியாழன்

மழை! நிஜமாகவே மழை. அப்பா அண்டாவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார். எழுபது வயது. படிக்கட்டில் பார்த்துப் போங்கள் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது.

ஜூன் 22, சனி

ஆப்கானிஸ்தானோடு உயிர் போய் வந்தது. 50 ஓவரில் 224. விஜய் சங்கர் முதல்முறையாக நாலாவதாக வந்து 29. தோனி 52 பந்தில் 28, கடைசியில் ஸ்டம்பிங். ஷமி ஹாட்ரிக் எடுத்துக் காப்பாற்றினார். அப்பாவும் நானும் தோனியைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் வீட்டில் சாப்பாடு நடக்காது.

ஜூன் 25, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. கால் குத்துகிறது. அத்தை போனில், "அப்பவே புத்தூர்ல கொண்டுபோய் கட்டு போட்டிருந்தா இந்நேரம் நடந்திருப்படி" என்றாள்.

வரிசையை மாற்றுவதே பாவம் என்பது அப்பாவின் கட்சி. அவருக்கு 2007 உலகக் கோப்பை போதும். சச்சினை ஓப்பனிங்கிலிருந்து எடுத்து நாலாவதாக இறக்கினார்கள். பங்களாதேஷுடன் 7, இலங்கையுடன் 0. முதல் சுற்றோடு மூட்டை கட்டினோம். ஆனால் அப்போதைய பயிற்சியாளர் கிரெக் சாப்பல் அதே பொறுப்பில் இருந்த 2005இல்தான் நாக்பூரில் இர்பான் பதான் ஒன்டவுனில், அதாவது மூன்றாவதாக, இறங்கி 83 அடித்தார். அதற்குச் சில மாதம் முன்பு விசாகப்பட்டினத்தில் தோனியை மூன்றாவதாக அனுப்பாமல் இருந்திருந்தால் அந்த 148 ஏது? அப்பாவின் தெய்வமே வரிசை மாறியதால் வந்த தெய்வம்தான். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

கொல்கத்தா 2001ஐயும் சொல்லலாம். ஆறாவதாக இறங்கி 59 அடித்த லட்சுமணை, பாலோ ஆன் வாங்கி உடனே மறுபடி ஆட வேண்டி வந்தபோது மூன்றாவதாகப் போகச் சொன்னார்கள், திராவிட் ஆறுக்கு இறங்கினார். 281, 180. இருவரும் சேர்ந்து 376. காரணம் எளிது. ஒருவர் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார், இன்னொருவர் தடுமாறிக்கொண்டிருந்தார்.

இன்னும் பழசு ஒன்று உண்டு. 1937, மெல்போர்ன். மழையில் நனைந்த பிட்ச். நின்று ஆடவே முடியாது. இங்கிலாந்து தொடரில் இரண்டுக்கு பூஜ்யம் என்று முன்னால் இருக்கிறது. ஆஸ்திரேலிய கேப்டன் பிராட்மன் இரண்டாவது இன்னிங்ஸைத் தொடங்க அனுப்பியது ஓ'ரெய்லியையும் பிளீட்வுட்-ஸ்மித்தையும். இருவரும் கடைசியில் வரும் பந்துவீச்சாளர்கள். பிட்ச் காயும்வரை நேரத்தைக் கடத்த வேண்டும், அவ்வளவுதான். பிராட்மன் ஏழாவதாக வந்து 270 அடித்தார். ஆறாவதாக வந்த பிங்கிள்டன் 136. இருவரும் சேர்ந்து 346. தொடரையே மூன்றுக்கு இரண்டு என்று ஆஸ்திரேலியா எடுத்துக்கொண்டது. இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முகம் மலர்கிறது, ஏனென்றால் ஏன் செய்தார் என்பது ஒரே வரியில் புரிந்துவிடுகிறது.

நம்முடைய நாலாம் நம்பருக்கு அப்படி ஒரு வரி கொடுங்கள் பார்க்கலாம். ராகுல் ஏன்? ஹர்திக் ஏன்? விஜய் சங்கர் ஏன்? ஹர்திக்குக்கு மட்டும்தான் பதில் இருக்கிறது. மற்றதெல்லாம் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டால் "வரும்" என்கிற பதில்.

மணி மூன்று.

ஜூன் 27, வியாழன்

விஜய் சங்கர் 14. ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார், பாவம்.

ஜூன் 30, ஞாயிறு

கால்விரல் காயமாம் விஜய் சங்கருக்கு. நாலாவதாக ரிஷப் பந்த். 32. இங்கிலாந்தோடு தோற்றோம். ஆரஞ்சு சட்டைதான் காரணம் என்று மாடி வீட்டு மாமா. நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

ஜூலை 1, திங்கள்

விஜய் சங்கர் ஊர் திரும்புகிறார். பதிலுக்கு மயங்க் அகர்வால். ஒரு ஒருநாள் போட்டிகூட ஆடாதவர், அதிலும் ஓப்பனர். காத்திருப்போர் பட்டியலில் ராயுடு பெயர் இருந்ததே? அந்தப் பட்டியல் எதற்கு?

ஆபீஸிலிருந்து, "வீட்டிலிருந்தே கொஞ்சம் பார்க்க முடியுமா" என்று செய்தி. பார்க்க முடியாது என்று போடவில்லை. பார்க்கவும் இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

தினேஷ் கார்த்திக் ஆடினார்! 2007 உலகக் கோப்பைக்கு அழைத்துப் போய் ஒரு ஆட்டமும் கொடுக்காமல் திருப்பிக் கூட்டிவந்த பையன். இன்றைக்குத்தான் உலகக் கோப்பையில் முதல் ஆட்டம். ஏழாவதாக வந்து 8. பந்த் நாலில் 48, பரவாயில்லை.

ஜூலை 3, புதன்

ராயுடு எல்லா வகை கிரிக்கெட்டிலிருந்தும் ஓய்வாம்.

எக்ஸ்ரேயில் எலும்பு இன்னும் கூடவில்லை. போன தடவை "பிரமாதம்" என்ற அதே டாக்டர் இன்றைக்கு "இன்னும் கொஞ்ச நாள்" என்கிறார். இரண்டுக்கும் ஒரே கட்டணம்.

ஜூலை 6, சனி

ரோஹித்துக்கு ஐந்தாவது சதம், ராகுலுக்கும் சதம். பந்த் 4. மேலே உள்ள மூவரும் அடித்தே மூடிவிடுகிறார்கள். மூடியைத் திறக்கப் போவது யார் என்று அப்பாவைக் கேட்டேன். "நல்ல வாயா பேசேன்."

ஜூலை 9, செவ்வாய்

மான்செஸ்டரில் அரையிறுதி, மழை. நியூசிலாந்து 46.1 ஓவரில் 211க்கு 5. மிச்சம் நாளைக்கு. ஹென்றி இருக்கிறார். போல்ட் இருக்கிறார்.

ஜூலை 10, புதன்

இலக்கு 240. ரோஹித் 1, கோலி 1, ராகுல் 1. 5க்கு 3.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். உள்ளே பந்த், எதிரே வந்தது கார்த்திக். சரி, தோனியை ஒரு விக்கெட் கழித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். கார்த்திக் இருபத்தைந்து பந்தில் 6. நீஷம் இடப்பக்கம் பாய்ந்து ஒற்றைக் கையில் பிடித்தார். பத்து ஓவரில் 24க்கு 4. டிவி கேமரா இந்திய பால்கனிக்குத் திரும்பியது. "இப்ப வருவார் பாரு" என்றார் அப்பா. வந்தது ஹர்திக். அப்பா டிவியைப் பார்த்து, "டேய், யாருடா அனுப்புனது?" என்றார். அவர் டேய் போட்டு நான் கேட்டதே இல்லை.

24க்கு 4. வெலிங்டனில் 18. பந்து போடுகிறவர்களும் அதே ஆட்கள். அன்றைக்கு நின்றவர் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், இன்னொருவர் விரல் உடைந்து வீட்டில். பந்த் பொறுமையாக 32 எடுத்து, கட்டுப்படுத்திக்கொள்ள முடியாமல் தூக்கி அடித்துப் போனார். கூட ஒரு பெரியவர் நின்றிருந்தால் போய், "தம்பி, இப்ப வேண்டாம்" என்றிருப்பாரோ என்னவோ. 71க்கு 5 ஆன பிறகுதான் தோனி வந்தார். ஏழாவதாக. ஹர்திக்கும் 32.

பிறகு ஜடேஜா. 59 பந்தில் 77. அப்பா உட்காரவே இல்லை. குப்தில் எறிந்தது நேரே ஸ்டம்பில். தோனி இரண்டு அங்குலம் வெளியே. 18 ரன்னில் தோல்வி.

ஜூலை 11, வியாழன்

அப்பா பேப்பர் படிக்கவில்லை.

2011 இறுதிப் போட்டியில் யுவராஜை உட்கார வைத்துவிட்டு ஐந்தாவதாகத் தானே இறங்கியவர் தோனி. இலங்கையின் முரளி பந்து போடுகிறார், உள்ளே கம்பீர் இடக்கை, வலக்கை ஒருவர் வேண்டும். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை; 91 நாட் அவுட். கடைசிக்கு ஆள் வேண்டுமென்று அன்றைக்கு அவர் தன்னைப் பத்திரப்படுத்தி வைக்கவில்லை. நேற்று யார் வைத்தார்கள்? அவரேவா, கேப்டன் கோலியா, பயிற்சியாளர் சாஸ்திரியா? கார்த்திக்கும் கடைசி ஓவர்களை முடிக்கத் தெரிந்தவர்தானே, அவரைப் பின்னால் வைத்துக்கொண்டு

ஹாரன். லாரிதான். நாளைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வருகிறதாம், ஆனால் இன்றைக்கு இது. அப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தார், எழுப்ப வேண்டும். மிச்சம் அப்புறம்.