திறந்த மூல டேப்லெட்டுக்கு வன்பொருள் கொம்பனி தேடிய கதை

லினக்ஸில் ஓடும் எங்கள் இயங்குதளத்துக்கு டேப்லெட் செய்துதர ஒரு கொம்பனி வேண்டியிருந்தது. திருகோணமலையில் இருந்துகொண்டு மின்னஞ்சலையும் கூரியரையும் வைத்தே தேடினோம். யாரிடம் வாங்குவது என்பது பிறகு. முதலில் எந்தச் சிப் என்று தீர்மானிக்க வேண்டும். நாங்கள் எடுத்தது ரொக்சிப் கொம்பனியின் ஆர்கே3566. நான்கு ஏ55 கோர்கள், மாலி ஜி52 கிராபிக்ஸ். கிராபிக்ஸை இயக்கும் பான்ஃப்ரொஸ்ட் என்ற திறந்த மூல டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள்ளேயே இருப்பதால் கிராபிக்ஸுக்காக யாரிடமும் கையேந்தத் தேவையில்லை.

சிப் சரி என்பதற்காக டேப்லெட் சரியாகிவிடாது. 2023இல் வந்த பைன்டேப்2 என்ற லினக்ஸ் டேப்லெட்டிலும் இதே சிப்தான். ஆனால் அதன் வை-ஃபைக்கு லினக்ஸ் டிரைவர் தயாராகும் முன்பே விற்பனை தொடங்கிவிட்டது. ஆகவே முதல் மடலில் விலை கேட்கவேண்டாம். வை-ஃபை, தொடுதிரை, திரை, சார்ஜிங் சிப் ஆகியவற்றின் முழு மொடல் இலக்கங்களைக் கேளுங்கள். பாதிப்பேர் அதோடு காணாமல் போவார்கள். நல்லதுதான்.

‘சோர்ஸ் (மூலநிரல்) இருக்கிறது’ என்று டேப்லெட் கொம்பனிகள் அனுப்புவது பெரும்பாலும் சிப் கொம்பனியின் பொதுவான பொதி. நமக்கு வேண்டியது அந்தப் போர்டுக்கே உரிய டிவைஸ் ட்ரீ, அதாவது எந்தப் பாகம் எங்கே இணைந்திருக்கிறது என்று கேர்னலுக்குச் சொல்லும் கோப்பு. சோர்ஸைத் தரச் சொல்லும் கேர்னலின் ஜிபிஎல் உரிமம் நம் பக்கம்தான். ஆனால் சட்டம் பேசினால் மாதக்கணக்கில் இழுபடும். அவர்கள் தரும் சோர்ஸிலிருந்து நாங்கள் கட்டிய கேர்னல், மாதிரி டேப்லெட்டில் பூட் ஆனால்தான் (இயங்கத் தொடங்கினால்தான்) முற்பணம் என்று எழுதினோம். அது வேலை செய்தது.

மாதிரி வந்ததும் மூடியைத் திறந்து போர்டின் இரு பக்கமும் படம் எடுங்கள். பூட் ஆகும்போது போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் படிக்க, டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது), கிரவுண்ட் என்ற மூன்று புள்ளிகளைத் தேடி, 3.3 வோல்ட் சீரியல் அடாப்டரின் வயர்களைப் பற்றவையுங்கள். ரொக்சிப் வழமையாகப் பேசும் வேகம் 1500000 போட் (நொடிக்கு இத்தனை பிட்). பழைய சிபி2102 அடாப்டர் 10 இலட்சத்துக்கு மேல் போகாது. திரையில் குப்பை எழுத்துத்தான் வரும். போர்டு பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சிஎச்340 அடாப்டர் போதும்.

மாதிரி ஒன்று போதாது. வெவ்வேறு உற்பத்தித் தொகுதியிலிருந்து மூன்று கேளுங்கள். எங்களுக்கு வந்த மூன்றும் ஒரே மொடல் இலக்கம், ஒரே பெட்டி. இரண்டில் குடிக்ஸ் கொம்பனியின் தொடுதிரைச் சிப், மூன்றாவதில் சிலீட் கொம்பனியினது. சிலீட் சிப்புக்கு ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ஃபேர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் சிறு மென்பொருள்) ஏற்ற வேண்டும். அதுவும் அந்தக் கண்ணாடிக்கு உரியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடப்பக்கம் தொட வலப்பக்கம் அசையும். ஆண்ட்ராய்டு போட்டு விற்பவருக்கு இது பெரிய விடயமல்ல, அந்தத் தொகுதிக்கு ஒரு புதிய இமேஜ் (முழு இயங்குதளக் கோப்பு) போட்டுவிடுவார். நமக்கோ எல்லாவற்றுக்கும் ஒரே இமேஜ். அதனால் ‘எழுத்தில் சம்மதம் இல்லாமல் எந்தப் பாகமும் மாறாது’ என்பதைப் பாகப் பட்டியலோடு சேர்த்து ஒப்பந்தத்தில் போட்டோம்.

வெப்பத்தை இங்கேயே சோதித்தோம். சூடான கச்சான் காற்று வீசும் நாட்களில், மின்விசிறி இல்லாத அறையில், சார்ஜ் போட்டபடி இரண்டு மணிநேரம் வீடியோ. வேகம் குறைந்தால் பரவாயில்லை; பேட்டரி உப்பினால் அந்த மொடலை விட்டுவிட வேண்டியதுதான்.

பேட்டரிக்கு ஐ.நா. 38.3 என்ற போக்குவரத்துப் பாதுகாப்புச் சோதனை அறிக்கையை முன்பே வாங்கி வையுங்கள், விமானச் சரக்கில் அது இல்லாமல் நகராது. வை-ஃபை இருப்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரமும் வேண்டும். விண்ணப்பத்தைப் பெரிய ஓடருக்கு முன்பே போடுங்கள். பெட்டிகள் கொழும்பில் வந்து இறங்கிய பிறகல்ல.