ஸ்டேஜ் பேன்: எங்கள் ஏரியாவின் தீராத பஞ்சாயத்து

கோரிமேட்டில் நண்பன் வீட்டு மாடி ரூமில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபைட்டிங் கேம் டோர்னமென்ட் நடத்துகிறோம். யார் ஜெயித்தார்கள் என்பதில் அங்கே பெரிய சண்டை வந்ததே இல்லை. வருகிற சண்டையெல்லாம் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால்தான். எந்த ஸ்டேஜில், அதாவது எந்தக் களத்தில் ஆடுவது, எதைத் தூக்குவது (பேன், அதாவது தடை செய்வது), முதலில் யார் தூக்குவது. புதிதாக வருகிற பசங்க கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "எதுக்குண்ணா இவ்ளோ பஞ்சாயத்து, ரேண்டம் போட்டு ஆடுங்க" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ரேண்டம் தப்பே இல்லை, எந்த கேம் என்பதைப் பொறுத்தது. டெக்கனில் பெரும்பாலும் ரேண்டம்தான், அது எனக்குச் சம்மதமே. அங்கேயும் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் வித்தியாசம் உண்டு. சுவர் இருக்கும், இடித்தால் உடையும் சுவர் இருக்கும், தரை உடைந்து இரண்டு பேரும் கீழே விழுந்தபிறகும் காம்போ தொடரும் ஸ்டேஜ் இருக்கும், டெக்கன் 7-இல் வந்த இன்ஃபினிட் அஜூர் மாதிரி சுவரே இல்லாமல் கண்ணாடித் தண்ணீர் மேல் முடிவில்லாமல் பின்னால் போய்க்கொண்டே இருக்கும் இடமும் இருக்கும். எதிராளியைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போய் அடிப்பவனுக்கு அது சோதனை. ஆனால் அந்த அனுகூலம் ஒரு அளவோடு நின்றுவிடும். லைஃப் பார் ஒன்றுதான், கைத்திறமை இருப்பவன் சமாளித்துக்கொள்வான். லாகூரிலிருந்து வந்த அர்ஸ்லான் ஆஷ் 2019-இல் ஈவோ ஜப்பான், அமெரிக்காவின் ஈவோ என்ற இரண்டு பெரிய போட்டிகளையும் ஒரே வருஷத்தில் அடித்தாரே, அது ஸ்டேஜ் கொடுத்த வெற்றி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் இந்தப் பிரச்சினை இன்னும் குறைவு. எல்லா ஸ்டேஜும் ஒரே அகலம், ஒரே தட்டைத் தரை, பின்னால் தெரியும் படம்தான் வேறு. அங்கே ஒரு ஸ்டேஜை விலக்கினால் கண்ணை உறுத்துகிறது, இல்லை ஆட்டம் திக்குகிறது என்பதுதான் காரணமாக இருக்கும். பலர் கட்டம் போட்ட ட்ரெயினிங் ஸ்டேஜையே எடுப்பதும் தூரத்தைக் கண்ணால் அளக்க வசதி என்பதற்காகத்தான்.

நின்டெண்டோவின் ஸ்மாஷ் (சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்) வேறு ஜாதி. இதில் லைஃப் பார் கிடையாது. அடி வாங்க வாங்க சதவீதம் ஏறும், ஏற ஏற நீங்கள் தூரமாகப் பறப்பீர்கள், திரைக்கு வெளியே இருக்கும் எல்லையைத் தாண்டினால் ஒரு உயிர் போச்சு. அந்த எல்லை எவ்வளவு தள்ளி இருக்கிறது, மேடைக்கு மேல் நிற்கப் பலகைகள் எத்தனை, ஓரம் எங்கே முடிகிறது என்பதெல்லாம் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் மாறும். அதாவது நீங்கள் எத்தனை அடி தாங்குவீர்கள் என்பதையே பாதி ஸ்டேஜ்தான் தீர்மானிக்கிறது. இங்கே போய் ரேண்டம் போட்டால் எப்படி?

ஸ்மாஷ் வரிசையில் 2001-இல் வந்த மெலீயைத்தான் நாங்கள் அதிகம் ஆடுகிறோம். நண்பனின் மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய வீ (நின்டெண்டோ கேம் கன்சோல்), அதற்கு 2006-க்கு அப்புறம் அரசாங்கம் கொடுத்த இலவச கலர் டிவி. அமெரிக்காவில் மெலீ ஆடுபவர்கள் பட்டனை அமுக்கியதும் தாமதமே இல்லாமல் படம் வரவேண்டும் என்று பழைய குண்டு டிவியைத் தேடி அலைகிறார்கள். நம் ஊரில் அது பரண் மேல் சும்மா கிடக்கிறது. மெலீயில் இருக்கும் 29 ஸ்டேஜில் போட்டிக்குத் தேறுவது 6தான்: பேட்டில்ஃபீல்ட், ஃபைனல் டெஸ்டினேஷன், யோஷிஸ் ஸ்டோரி, ஃபவுன்டன் ஆஃப் ட்ரீம்ஸ், பழைய ட்ரீம் லேண்ட், அப்புறம் போகிமான் ஸ்டேடியம்.

மற்றதெல்லாம் ஏன் போச்சு? வீட்டில் ஆடுபவர்கள் எல்லோருக்கும் பிடித்த ஹைரூல் டெம்பிளை எடுத்துக்கொள்வோம். பெரிய கோட்டை, சுற்றிச் சுற்றி ஓட வழி உண்டு. ஃபாக்ஸ் மாதிரி வேகமான ஆளை எடுத்து, ஒரே ஒரு அடி அடித்துவிட்டு, 8 நிமிஷமும் ஓடிக்கொண்டே இருக்கலாம். நேரம் முடியும்போது உயிர் சமமாக இருந்தால் சதவீதம் குறைவாக இருப்பவன்தான் ஜெயித்தவன், எதிராளியால் ஒன்றும் செய்ய முடியாது. போதாக்குறைக்குக் கீழே குகை மாதிரி ஒரு இடம். அங்கே நின்று அடி வாங்கினால் சுவரிலும் கூரையிலும் மோதிச் சமாளித்து நின்றுவிடலாம், செத்தே தொலைய மாட்டான். இரண்டு பேர் சண்டை என்பது போய் இரண்டு பேர் ஓட்டப்பந்தயம் ஆகிவிடும்.

இன்னொரு வகை, ஓரமே இல்லாத ஸ்டேஜ்கள். தரை அப்படியே திரைக்கு வெளியே போகும். எல்லைக்கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் நீங்கள்தான் போயாக வேண்டும், போனால் ஒரே பிடி, பின்னால் ஒரே வீச்சு, உயிர் காலி. சதவீதம் எவ்வளவு என்கிற கணக்கே அங்கே செல்லாது. மூன்றாவது வகை, ஸ்டேஜே வந்து அடிப்பது: பிரின்ஸ்டாரில் கீழிருந்து அமிலம் ஏறும், மியூட் சிட்டியில் கார்கள் வரும், ரெயின்போ க்ரூஸில் திரையே நகர்ந்து போகும். பிரின்ஸ்டாரும் ரெயின்போ க்ரூஸும் ஒரு காலத்தில் போட்டியில் அனுமதி இருந்தவைதான், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போயின. தெரு கிரிக்கெட்டில் எதிர்வீட்டு காம்பவுண்டுக்குள் அடித்தால் அவுட் என்று விதி வருவது போலத்தான், யாரும் உட்கார்ந்து சட்டம் எழுதவில்லை, ஒவ்வொன்றாகத் தொந்தரவு கொடுத்த பிறகு தூக்கினார்கள்.

சரி, தொந்தரவு எல்லாம் போயாச்சு, மிச்சம் இருப்பது சமமான ஸ்டேஜ்தானே என்று கேட்டால், அதுவும் இல்லை. இங்கேதான் புதுப் பசங்களோடு எனக்கு வாக்குவாதமே. ஃபைனல் டெஸ்டினேஷன் வெறும் தட்டை, பலகை கிடையாது, ஒன்றும் நகராது, அதனால் அதுதான் நியாயமான ஸ்டேஜ் என்று நினைக்கிறார்கள். வாள்வீரன் மார்த்தை எடுத்தவனிடம் ஃபாக்ஸை அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள். ஃபாக்ஸ் வேகமாகக் கீழே விழுபவன், தப்பித்து ஏறிக்கொள்ளப் பலகை இல்லை. மார்த் பிடித்து, மேலே வீசி, விழும்போது மறுபடி பிடித்து, மறுபடி வீசி என்று போய்க்கொண்டே இருப்பான். தட்டையாக இருப்பதே ஒருவன் பக்கம் சாய்வதுதான். ட்ரீம் லேண்டில் எல்லை தள்ளி இருப்பதால் எல்லோரும் நீண்ட நேரம் உயிரோடு இருப்பார்கள், யோஷிஸ் ஸ்டோரியில் பொசுக்கென்று போய்விடுவார்கள். யோஷிஸ் ஸ்டோரியில் ராண்டல் என்று ஒரு மேகம் மேடையைச் சுற்றி வரும், அது ரேண்டம் கூடக் கிடையாது, ஆட்டத்தின் கடிகாரத்தைப் பார்த்தாலே எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். தெரிந்தவன் விழுந்தாலும் அதன் மேல் நிற்பான், தெரியாதவன் நேராகக் கீழே போவான்.

அதனால் பட்டியலைவிட அதிலிருந்து எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம். முதல் ஆட்டத்துக்கு ஸ்ட்ரைக் முறை. எங்கள் ரூமில் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் 5 பெயர் எழுதுவோம், போகிமான் ஸ்டேடியம் இதில் வராது. யார் முதலில் என்பதற்கு சாட் பூட் த்ரீ போடலாம் என்று ஒருத்தன் சொன்னான், இரண்டு பேருக்கு அது வேலைக்காகாது, பூவா தலையாதான். முதல் ஆள் ஒரு பெயரை அடித்து நீக்குவான், இரண்டாவது ஆள் இரண்டை நீக்குவான், மிச்சம் இருக்கும் இரண்டில் ஒன்றை முதல் ஆள் எடுப்பான்.

போன வாரம் அம்மாபேட்டைத் தம்பி ஃபாக்ஸ், எதிரே பேங்கில் வேலை பார்க்கும் அண்ணன் மார்த். இரண்டு பேரும் யாரை எடுப்பார்கள் என்பது ரூமுக்கே தெரியும். தம்பிக்குத் தலை விழுந்தது. யோசிக்கவே இல்லை, பேனாவை வாங்கி ஃபைனல் டெஸ்டினேஷனை அடித்தான். அண்ணன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார், ட்ரீம் லேண்டை அடித்தார், அது எதிர்பார்த்ததுதான், அப்புறம் பேட்டில்ஃபீல்டையும் அடித்தார். மிச்சம் யோஷிஸ் ஸ்டோரியும் ஃபவுன்டனும். இரண்டுமே சின்ன இடம், இரண்டிலும் மார்த் வாளுக்கு எட்டாத தூரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசித் தேர்வு தம்பி கையில்தான், ஆனால் எதை எடுத்தாலும் அண்ணனுக்குச் சந்தோஷம். தம்பி தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான், பின்னால் தேதியும் ராகுகாலமும்தான் இருந்தது. ரேண்டம் போட்டிருந்தால் இதைப் பார்க்க முடியுமா?

இரண்டாவது ஆட்டத்திலிருந்து கவுன்ட்டர்பிக். ஜெயித்தவன் ஒரு ஸ்டேஜை பேன் செய்வான், தோற்றவன் மிச்சத்தில் ஒன்றை எடுப்பான், அதற்குப் பிறகு ஜெயித்தவன் ஆளைத் தேர்ந்தெடுப்பான், கடைசியாகத் தோற்றவன் ஆளைத் தேர்ந்தெடுப்பான். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஸ்டேஜைப் பார்த்து ஆள், ஆளைப் பார்த்துப் பதில் ஆள் என்று ஒவ்வொரு படியிலும் தோற்றவனுக்குக் கொஞ்சம் கை ஓங்குகிறது. ஒரு ஸ்டேஜை மூடிவிடும் உரிமை ஜெயித்தவனுக்கு. தோற்றவனுக்கு இவ்வளவு சலுகையா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது, தனக்குப் பிடித்த ஸ்டேஜில் மட்டும் ஜெயிக்கத் தெரிந்தவன் செட்டை, அதாவது ஒரே எதிராளியோடு ஆடும் மொத்த ஆட்டங்களை, ஜெயித்து முடிக்க முடியாது. இதோடு டேவ்ஸ் ஸ்டுப்பிட் ரூல் என்று ஒன்று உண்டு, பெயரே அதுதான், நான் வைத்ததில்லை. ஏற்கெனவே ஜெயித்த ஸ்டேஜையே நீங்கள் மறுபடி எடுக்க முடியாது. இல்லாவிட்டால் பெஸ்ட் ஆஃப் ஃபைவில் (ஐந்தில் மூன்று ஜெயிக்கவேண்டிய செட்) ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் உயிரை வாங்குவார்கள்.

2018-இல் வந்த ஸ்மாஷ் அல்டிமேட்டில் ஸ்டேஜ் 100-க்கும் மேல். நல்லவேளையாக ஹசார்டை, அதாவது ஸ்டேஜே கொடுக்கும் தொந்தரவை, அணைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, அணைத்தால் போகிமான் ஸ்டேடியம் 2 உருமாறாது, லைலாட் க்ரூஸ் சாயாது. பேன் எண்ணிக்கை டோர்னமென்ட்டுக்கு டோர்னமென்ட் மாறும், நாங்கள் 3 வைத்திருக்கிறோம்.

பெரிய போட்டிகளின் விதிகளை அப்படியே எடுத்துக்கொண்ட நான் ஒரு இடத்தில் மட்டும் கை வைத்தேன். இரண்டு பேரும் சம்மதித்தால் ஸ்ட்ரைக் செய்யாமல் நேரே ஏதாவது ஒரு ஸ்டேஜுக்குப் போகலாம் என்று ஒரு விதி உண்டு. ஊரில் இது எப்படி ஆகிறது தெரியுமா? வருஷக்கணக்கில் ஆடும் சீனியர் புதுப் பையனைப் பார்த்து "தம்பி, பேசாம யோஷிஸ் போயிடலாமா" என்பார், அவன் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவான். அண்ணன் கேட்டு எப்படி மாட்டேன் என்பது? அதனால் எங்கள் ரூமில் இந்த வார்த்தையை வயதில் சின்னவன்தான் முதலில் எடுக்கவேண்டும், பெரியவர் கேட்டால் செல்லாது. இதற்கு இரண்டு பேர் என்னோடு பேச்சையே குறைத்துக்கொண்டார்கள், பரவாயில்லை.

மெலீயில் போகிமான் ஸ்டேடியம் மட்டும் இன்னும் தீரவில்லை. அது நடுவில் உருமாறும், பாறை வரும், மரம் வரும், அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் சும்மா நிற்பார்கள். உருமாறாமல் உறைய வைத்த வடிவத்துக்குத்தான் என் ஓட்டு, ஆனால் அதற்கு வீயில் மாட் (ஆட்டத்தை மாற்றும் மென்பொருள்) போடவேண்டும், வீயின் சொந்தக்காரர் அதைத் தொடவே விடமாட்டேன் என்கிறார். அவர் மனசு மாறும்வரை உருமாறுகிற ஸ்டேடியமே கவுன்ட்டர்பிக்கில் இருக்கும். இரண்டு பேர் டீமாக ஆடும் டபுள்ஸில் ஃபவுன்டன் கிடையாது, 4 பேர் நின்றால் அந்தத் தண்ணீர் பிம்பத்துக்கே ஆட்டம் திணறுகிறது. பெஸ்ட் ஆஃப் ஃபைவ் வந்தால் பேனும் கிடையாது. வருகிறவர்கள் கன்ட்ரோலர் கொண்டு வாருங்கள், எங்களிடம் இருப்பதில் ஒன்றுக்கு எல் பட்டன் போய்விட்டது.