கணக்கு மோசடிப் புகார்: மூடப்பட்ட மூன்று பக்கமும் மூட முடியாத ஒன்றரைப் பக்கமும்

முதல் புகார் மூன்று பக்கம். மார்ச் விற்பனை எப்படி ஊதப்பட்டது, யார் சொல்லி வவுச்சர் போடப்பட்டது, அதனால் யாருக்கு போனஸ் கூடியது என்று எல்லாம் இருந்தது. இரண்டே வாரத்தில் "ஆதாரம் போதாது" என்று மூடிவிட்டார்கள். இரண்டாவது ஒன்றரைப் பக்கம். அதில் ஒருவர் பெயரும் இல்லை. ஏழு இன்வாய்ஸ் எண்கள், தேதி, தொகை, ஒவ்வொன்றையும் எங்கே போய்ச் சரிபார்க்கலாம் என்ற குறிப்பு, கடைசியில் கூட்டுத்தொகை. இதை மூட முடியவில்லை. பங்குச்சந்தையில் பட்டியலான ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து போன இந்த இரண்டு புகார்களுக்கும் இடையில் தெரிந்துகொண்டவை இவை.

நிறுவனத்துக்குள் இருக்கும் எந்தக் காகிதமும் மோசடி செய்தவர் கைக்கு எட்டும். அதனால் புகாரில் காட்ட வேண்டியது வெளியார் கையில் இருக்கும் பதிவை. ஃபிக்ஸட் டெபாசிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லெட்ஜரில் 4 கோடி டெபாசிட், 28 லட்சம் வட்டி என்றால், வங்கி வட்டியிலிருந்து 10 சதவீதம் வரியை (டிடிஎஸ்) பிடித்திருக்க வேண்டும். அந்த 2.8 லட்சம் பிடித்த வரியெல்லாம் பதிவாகும் நிறுவனத்தின் 26ஏஎஸ் படிவத்தில் வந்திருக்கும். வரவில்லை என்றால் கேள்வி கேட்க இடம் உண்டு. ரசீதைப் போலியாக அச்சடித்துவிடலாம், வருமான வரித் தளத்தில் வரியை வரவைப்பது அவ்வளவு சுலபமில்லை.

விற்பனைக்கும் இதே வழிதான். ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிய நிறுவனம் மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எண் வேண்டும். சரக்கு நகர்ந்திருந்தால், ஜிஎஸ்டிக்காக எடுக்கும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டான இ-வே பில்லில் லாரி எண் இருக்கும். பீகாரின் மாட்டுத்தீவன ஊழலில் மாடுகளை ஏற்றிச் சென்றதாகச் சொன்ன வண்டிகளில் சில ஸ்கூட்டர்களாக இருந்தது நினைவிருக்கலாம். மார்ச் 29, 30, 31 தேதிகளில் பில் போட்டு, ஏப்ரல் முதல் பத்து நாளில் கிரெடிட் நோட் (விற்பனையை ரத்து செய்யும் சீட்டு) போட்டுத் திருப்பியவற்றை மட்டும் தனியே எடுங்கள். ஆனால் அதோடு நின்றால் முதல் புகாரின் கதிதான். தரம் சரியில்லாமல் உண்மையிலேயே திரும்பும் சரக்கும் உண்டு. சரக்கு வெளியே போனதும் உள்ளே வந்ததும் கேட் ரிஜிஸ்டரில் இருக்கிறதா என்று பார்த்தபின்தான் பட்டியல் இருபத்து மூன்றிலிருந்து ஏழாகக் குறைந்தது. தவறான ஓர் எண் உள்ளே இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆறையும் தள்ளிவிடுவார்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் இன்னொரு வசதி. நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் (திருத்தங்களின் பதிவு) கட்டாயம், அதை அணைத்துவைக்கக் கூடாது. எந்த வவுச்சர், எந்தத் தேதியில், எந்த யூசர் ஐடியில் மாற்றப்பட்டது என்பது அதில் நிற்கும். லாக்கைப் பிரிண்ட் எடுக்க வேண்டாம். வவுச்சர் எண்ணைக் கொடுத்து "லாக்கைப் பாருங்கள்" என்று எழுதினால் போதும்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் கணக்கு மோசடியில், உள்ளே இருக்கும் காகிதத்துக்கும் வெளியார் பதிவுக்கும் உள்ள இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 7,561 போலி இன்வாய்ஸ்கள், போலி டெபாசிட் ரசீதுகள். புத்தகத்தில் 5,361 கோடி ரொக்கமும் வங்கி இருப்பும், அதில் 5,040 கோடி இல்லாத பணம். வங்கியிலிருந்து ஆடிட்டர் நேரடியாகப் பெற வேண்டிய இருப்புச் சான்று நிறுவனத்தின் வழியாக வந்ததுதான் பெரிய ஓட்டை. 2008 டிசம்பர் 18 அன்று அதன் இயக்குநர் ஒருவருக்கு, 'ஜோசப் ஆபிரகாம்' என்ற பெயரில் யாரோ மின்னஞ்சல் அனுப்பினார்கள். நிறுவனத்திடம் கையிருப்பு இல்லை, வங்கிகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். எங்கே பார்க்க வேண்டும் என்பதை அந்த மின்னஞ்சல் சொல்லிவிட்டது. இருபதாம் நாள், 2009 ஜனவரி 7 அன்று, நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்ட கடிதம் வெளியானது.

ஆதாரத்தை வீட்டுக்கு எடுத்துப்போவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அனுமதியில்லாமல் தரவைப் பிரதி எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வரும். மோசடி நோக்கம் இருந்ததாகக் காட்டினால் 66-ஆம் பிரிவும் சேரும், மூன்றாண்டு வரை சிறை. சொந்த ஜிமெயிலுக்கு ஓர் எக்செல் ஷீட்டை அனுப்பினால் ஐடி பிரிவுக்குத் தெரிந்துவிடும், பிறகு பேச்செல்லாம் தரவுத் திருட்டைப் பற்றியே நடக்கும். எண்களைக் கையால் குறித்துக்கொள்வது மேல். உங்களுக்கு வந்த மின்னஞ்சல் இருந்தால் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அழிக்காதீர்கள். வெட்டி ஒட்டிய ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்பில்லை. பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கு ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) சான்றிதழ் கேட்பார்கள்.

யாருக்கு அனுப்புவது? கம்பெனிகள் சட்டம் 177(9)-இன்படி பட்டியலான நிறுவனங்கள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குபவை, வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கியவை ஆகியவற்றில் விஜில் மெக்கானிசம், அதாவது முறைகேட்டைப் புகார் செய்யும் ஏற்பாடு, இருக்க வேண்டும். கொள்கை இணையதளத்தில் இருக்கும். ஆனால் அதில் கொடுத்த மின்னஞ்சலை யார் திறக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். எங்கள் இடத்தில் அது நிதிப் பிரிவுக்கே போனது. நிதித் தலைமை அதிகாரி (சிஎஃப்ஓ) மீதே சந்தேகம் என்றால் இயக்குநர் குழுவின் ஆடிட் கமிட்டித் தலைவரை நேரடியாக அணுக 177(10) வழி தருகிறது. பதிவு அலுவலக முகவரிக்குத் தபால் போடாதீர்கள், இன்வர்ட் பிரிவில் பிரித்துவிடுவார்கள்.

பிரதி ஒன்று, சட்டப்படி கணக்கைத் தணிக்கை செய்யும் வெளி ஆடிட்டரான ஸ்டாட்டுட்டரி ஆடிட்டருக்கும் போக வேண்டும். முதல் புகாரில் விட்டுப்போனது இதுதான். ஆடிட்டர் அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் 2020-இன் காரோ உத்தரவுப்படி, அந்த ஆண்டு வந்த விசில்புளோயர் புகார்களைப் பரிசீலித்தாரா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். அதிகாரிகளோ ஊழியர்களோ செய்த மோசடி 1 கோடியோ அதற்கு மேலோ இருப்பதாக நம்பக் காரணம் கிடைத்தால், கம்பெனிகள் சட்டம் 143(12)-இன்படி இரண்டு நாளுக்குள் போர்டுக்கோ ஆடிட் கமிட்டிக்கோ எழுத வேண்டும். அவர்கள் பதில் தர 45 நாள், அதன்பின் 15 நாளில் ஏடிடி-4 படிவத்தில் மத்திய அரசுக்கு. கூட்டுத்தொகையை எழுதச் சொன்னது இதற்காகத்தான். ஏழு பில்லும் சேர்ந்து 1 கோடியே 62 லட்சம். தொகை இல்லாத புகாரில் இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்காது.

பாதுகாப்பைப் பற்றி மிகையான நம்பிக்கை வேண்டாம். 2014-இன் விசில் புளோயர்ஸ் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது, அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 10 கோடி வரையிலான வெகுமதி இன்சைடர் டிரேடிங் (உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பது) தகவலுக்கு மட்டும். கம்பெனிகள் சட்டத்தின் 218-ஆம் பிரிவு, ஊழியரை நீக்கத் தீர்ப்பாயத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் அரசு விசாரணை போன்ற நடவடிக்கை தொடங்கிய பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். அதுவரை கையில் இருப்பது நிறுவனத்தின் சொந்தக் கொள்கை மட்டுமே.

பெயர் மறைக்க நினைத்தால் இன்வாய்ஸ் தேர்விலேயே கவனம் வேண்டும். இரண்டே பேர் பார்க்கக்கூடிய பில்லைச் சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரிதான். பத்துப் பேர் கை பட்டவற்றை எடுங்கள். வேர்டு கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் நிற்கும், அதையும் நீக்குங்கள். தனி மின்னஞ்சல் தொடங்கி, அனுப்பிய பிறகும் திறந்து பார்த்துக்கொண்டே இருங்கள். பதினோராம் நாள் வந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் போயிராவிட்டால் இரண்டாவது புகாரும் மூடப்பட்டிருக்கும்.

வவுச்சரை அடித்த ஜூனியரின் பெயரை எழுதுவதா என்பது நெடுநாள் உறுத்தல். சொன்னதைச் செய்தவர்தான் முதலில் மாட்டுவார், சொன்னவர் கடைசியில். அதனால் "இந்த வவுச்சருக்கு ஒப்புதல் எந்த நிலையில் கிடைத்தது" என்று கேட்பதோடு நிறுத்துவதே நியாயமாகப் பட்டது. உங்கள் கையெழுத்தே எங்காவது இருந்தால் அனுப்புமுன் வக்கீலைப் பாருங்கள். கம்பெனிகள் சட்டத்தின் 447-ஆம் பிரிவில் மோசடிக்கு ஆறு மாதம் முதல் பத்தாண்டு வரை சிறை. இன்னொன்று: கையில் அந்த நிறுவனப் பங்கு இருந்தால் இந்தச் சமயத்தில் விற்கக் கூடாது. வெளியாகாத தகவலை வைத்து விற்றால் நீங்களே இன்சைடர் டிரேடிங்கில் மாட்டுவீர்கள். மைத்துனரிடம் "வித்துடு" என்று காதில் போடுவதும் அதே குற்றம்தான்.

மோசடியைத் துருவும் ஃபாரன்சிக் ஆடிட் தொடங்கினால் பட்டியலான நிறுவனம் அதைப் பங்குச்சந்தைக்கு அறிவித்தாக வேண்டும். அப்போது உங்கள் பெயரை ஆடிட் கமிட்டித் தலைவரிடம் மட்டும் சொல்லி விசாரணைக்குப் போகலாம். வாக்குமூலத்தை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். "கேட் ரிஜிஸ்டரில் பதிவு இல்லை" என்று சொன்னதை "பதிவு இல்லை என்று சந்தேகிக்கிறார்" என எழுதியிருந்தார்கள். அந்த வரியை அடித்துத் திருத்தி, பக்கத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் போட்ட பிறகே அடுத்த பக்கத்துக்குப் போக முடிந்தது.