பிளேட் கர்வில் எப்போது கை வைக்கலாம்

அச்சில் முகங்கள் சிவந்து விழுந்தால் உடனே, கோப்பை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருளைத் திறந்து, மெஜந்தா மையின் கர்வை (கோப்பின் புள்ளி பிளேட்டில், அதாவது அச்சுத் தகட்டில், எந்த அளவில் பதிய வேண்டும் என்று சொல்லும் வரைகோட்டை) குறைத்துவிடும் வழக்கம் புதுச்சேரியின் ஆப்செட் அச்சகங்கள் பலவற்றில் இருக்கிறது. அந்த வேலை தப்பித்துவிடும். அடுத்த வேலையில் வானத்தின் நீலம் பச்சைப் பக்கம் சாயும். பிளேட்டைச் சரிசெய்வதும் மிஷினைச் சரிசெய்வதும் வேறு வேறு வேலைகள் என்பதையும், பிளேட்டுக்குப் பிறகே மிஷின் என்பதையும் நான் விடாமல் வலியுறுத்துவது இதனால்தான்.

முதலில், ரிப்பில் எந்தக் கர்வும் இல்லாமல் ஒரு சோதனை பிளேட் எடுக்க வேண்டும். லேசர் பட்ட இடத்தின் பூச்சு டெவலப்பரில் கரைந்துபோகும் தெர்மல் பாசிட்டிவ் பிளேட்டாக இருந்தால், படம் விழாத வெற்று இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோனை விட்டுக் காயவிடுங்கள். ஓரத்தில் நிற வளையம் படிந்தால் பூச்சு முழுதாகக் கரையவில்லை என்று பொருள். லேசர் ஆற்றலையோ டெவலப்பரின் வெப்பநிலையையோ பதத்தையோ கவனிக்காமல் அதற்கு மேல் எதை அளந்தாலும் பயனில்லை. புள்ளிகளை அளக்கக் காகிதத்துக்கான டென்சிட்டோமீட்டர் உதவாது. புள்ளியைப் படமெடுத்துக் கணக்கிடும் பிளேட் ரீடர்தான் வேண்டும். கோப்பில் புள்ளியின் பரப்பு 50 விழுக்காடு என்றால் பிளேட்டிலும் 50 விழும்படி நேர்படுத்திவிட்டால் இந்தக் கட்டம் முடிந்தது.

அந்த நேரான பிளேட்டை மிஷினில் ஏற்றி, நான்கு மைகளின் சாலிட் (புள்ளியின்றி முழுதாக நிரம்பிய) நிறங்களையும் இலக்குக்குக் கொண்டுவந்த பிறகே டாட் கெயினை, அதாவது தாளில் புள்ளி பெருப்பதை, அளக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 12647-2 தரத்தின்படி ஆர்ட் பேப்பரில் 50 விழுக்காட்டுப் புள்ளி 16 கூடி 66 ஆக விழ வேண்டும். பூச்சில்லாத வெள்ளைத் தாளில் 22 கூடும். ஆகவே தாளுக்கு ஒரு கர்வ் கட்டாயம். நம் மிஷினில் ஆர்ட் பேப்பரில் 50 என்பது 72 ஆகவும், 44 என்பது 66 ஆகவும் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் 50 வரும் இடத்தில் பிளேட்டில் 44 பதியும்படி கர்வை எழுத வேண்டும். இப்படி மிஷின் தரத்துக்கு வந்துவிட்டால், ஃபோக்ரா 51 போன்ற அச்சுத் தரவிலிருந்து ஆயத்தமாகக் கிடைக்கும் ஐ.சி.சி. புரொஃபைலை (நிறங்களை மை அளவுகளாக மாற்றும் கோப்பை) கொண்டே படங்களைப் பிரிக்கலாம்.

அளவுகளுக்குப் பின் கண்ணாலும் ஒருமுறை பார்க்க வேண்டும். சியான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 விழுக்காடு சேர்ந்த சதுரம் கறுப்பு மையின் சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் நிறம் சாயாமல் நிற்க வேண்டும். இதைச் சாதாரண டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அச்சு நிறங்களைப் பார்ப்பதற்கான தர ஒளியான டி50 விளக்கு அவசியம்.

நம் கடற்கரை ஊரில் தண்ணீரும் ஒரு காரணம். உப்பேறிய போர்த் தண்ணீரை ஃபவுண்டனில் (பிளேட்டை ஈரமாக்கும் நீர்த் தொட்டியில்) ஊற்றினால் மையும் நீரும் ஒரு நிலையில் நிற்காது; காலையில் எடுத்த டாட் கெயின் மாலையில் பொய்யாகிவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் கரைசலைக் கலந்த பிறகே சோதனை ஓட்டத்தைத் தொடங்குங்கள்.

ரிப்பில் பார்க்க வேண்டிய இன்னொன்று, தனிக் கறுப்பில் உள்ள எழுத்து கறுப்பாகவே நிற்கிறதா என்பது. புரொஃபைல் மாற்றத்தில் அது நான்கு நிறமாகப் பிரிந்துவிட்டால், ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) இம்மியளவு விலகினாலும் ண, ன எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

பிளேட்டின் வகையையோ டெவலப்பரையோ மாற்றினால் முதல் கட்டத்தைத் திரும்பச் செய்து பிளேட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். மிஷின் கர்வைத் தொட வேண்டியதில்லை. பிளாங்கெட் (பிளேட்டிலிருந்து மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு), மை, தாள் ஆகியவற்றில் ஒன்று மாறினால் இரண்டாவது கட்டத்தை மட்டும் திரும்பச் செய்யுங்கள்.