தோலுக்கடியில் ஓடும் ரத்தம்: சித்திரை நாட்குறிப்பு

ஏப்ரல் 24, 2024, புதன்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். இன்று தீக்காய வார்டில் கட்டில் காலியில்லை. மண்டகப்படி அன்னதானத்தில் சாம்பார் அண்டா சரிந்து, சமையல்கார அக்கா ஒருவருக்கு வலது முன்கை வெந்துபோயிருக்கிறது. மணிக்கட்டுப் பக்கம் கொப்புளம் உடைந்து ஈரமாகச் சிவந்திருக்கிறது. முழங்கை அருகே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய திட்டு. அந்தத் திட்டுதான் கவலை.

தோலுக்கடியில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் லேசர் படத்தை இன்றே எடுத்துவிடலாமா என்று பயிற்சி மருத்துவர் கேட்டார். கூடாது என்றேன். வெந்த தோலில் இன்று ரத்தம் ஓடும் நுண்குழாய் நாளை அடைத்துக்கொள்ளலாம். 48 மணி நேரம் கழிந்து, ஐந்து நாட்களுக்குள் எடுத்தால்தான் படத்தை நம்பலாம்.

ஏப்ரல் 26, வெள்ளி

அக்காவுக்குப் படம் எடுத்தோம். கத்திரி தொடங்கவில்லை, அதற்குள் வெயில் இப்படி. வெளியிலிருந்து வந்தவரை உடனே படுக்கவைத்து எடுத்தால் வெயிலின் சூட்டைத்தான் அளப்போம். ஏசி காற்று நேரே கைமேல் பட்டாலும் குழாய்கள் சுருங்கிவிடும். அதனால் இருபது நிமிடம் அமைதியாகப் படுத்திருக்கச் சொன்னேன். காலையில் காபி வேண்டாமென்று முன்பே சொல்லியிருந்தேன். காயத்தில் பூசியிருந்த, வெள்ளி உலோகம் கலந்த களிம்பை உப்புநீரால் ஒரு துளி மிச்சமில்லாமல் துடைத்தெடுக்கச் செவிலியருக்கு வெகுநேரம் ஆயிற்று. களிம்பு இருந்தால் ஒளி உள்ளே போகாது. அவசரப்படாமல் அதைச் செய்த அந்தப் பெண்ணை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பாதி அளவீடு அங்கேயே முடிந்துவிடுகிறது.

கருவி தோலைத் தொடுவதே இல்லை. மேலே இருந்து விழும் லேசர் ஒளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் வரை போகிறது. ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் சற்றே மாறுகிறது. 1842இல் டாப்ளர் சொன்ன விளைவுதான். எத்தனை அணுக்கள், எவ்வளவு வேகம் என்ற இரண்டும் சேர்ந்து திரையில் நிறமாகத் தெரியும்.

திரையில் மணிக்கட்டு முழுவதும் சிவப்பைப் பார்த்ததும் அக்காவின் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். "சிவப்பு நல்லதம்மா, அங்கே ரத்தம் நன்றாக ஓடுகிறது, பதினான்கு நாட்களுக்குள் தானாக ஆறிவிடும்" என்றேன். நீலம்தான் ஆகாது. முழங்கைத் திட்டு அடர்நீலமாக இருந்தது. மூன்று வாரமானாலும் அது ஆறாது. தோல் ஒட்டுவதே வழி. அனுபவமுள்ள மருத்துவர்களே வெறும் கண்ணால் ஆழத்தைக் கணித்தால் 100க்கு 60 முதல் 75 முறைதான் சரியாக இருக்கும் என்பார்கள். காத்திருந்து பார்க்கும் அந்த மூன்று வாரம் அக்காவுக்கு மிச்சம்.

ஏப்ரல் 29, திங்கள்

மேலூர்ப் பக்கத்து விவசாயி ஐயா ஒருவர் வந்தார். பல வருடச் சர்க்கரை. அழகரோடு வெறுங்காலில் நடந்திருக்கிறார். உச்சிவெயிலில் தார்ச்சாலை பாதத்தைச் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. சாக்ஸில் நீர் கசிந்திருப்பதை மருமகள் பார்த்துத்தான் கூட்டிவந்திருக்கிறாள். சர்க்கரை உள்ளவர்கள் வேண்டுதலுக்காக நடந்தால், அன்றிரவே வீட்டில் யாராவது பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், தயவுசெய்து.

அவர் பாதத்தின் படமும் பளிச்சென்று சிவப்பு. ஆனால் முன்கைக்குச் சொன்னதை இங்கே சொல்ல முடியாது. உள்ளங்காலில் தமனியையும் சிரையையும் நேரே இணைக்கும் குறுக்குவழிகள் உண்டு. சர்க்கரையால் நரம்பு கெட்டால் அவை மூடாமல் திறந்தே கிடக்கும். "கண்மாய்த் தண்ணீர் வயலுக்குப் பாயாமல் ஓடைக்கு ஓடிவிடுவது போல ஐயா" என்றேன். சட்டென்று புரிந்துகொண்டார்: "அப்படியானால் பயிர் காயும்." அதேதான். ரத்தம் ஓடுகிறது, தோலுக்குச் சேரவில்லை.

எனவே பெருவிரலில் சிறிய பட்டையைக் கட்டிக் காற்றேற்றி ஓட்டத்தை நிறுத்தினோம். மெல்லத் தளர்த்தும்போது லேசரில் ஓட்டம் திரும்பும் அழுத்தம்தான் கால்விரல் அழுத்தம். அது பாதரச அளவில் 30 மி.மீ.க்குக் கீழே போனால் காயம் ஆறுவது மிகக் கடினம். இவருக்கு அதைவிடச் சற்றே மேலே நின்றது. முழுவதும் தளர்த்தியபின் நல்ல தோலில் ஓட்டம் குபீரென எகிறித் தணியும். இவருக்கு மெதுவாக ஏறி அப்படியே நின்றுவிட்டது. சிவப்புப் படத்தை மட்டும் கோப்பில் வைத்து அனுப்பியிருந்தால் வெறும் டிரெசிங்கோடு வீட்டுக்குப் போயிருப்பார். ரத்தநாள அறுவை மருத்துவரிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன்.

மே 8, புதன்

அக்காவின் மணிக்கட்டு ஆறிவிட்டது, புதுத்தோல் மினுமினுக்கிறது. முழங்கையில் ஒட்டிய தோலும் பிடித்துக்கொண்டது.

ஐயாவுக்கு நாளை முழங்காலுக்குக் கீழே ரத்தநாள அடைப்பைப் பலூன் வைத்து விரிக்கிறார்கள். கருவி தரும் எண் நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்ற கணக்கல்ல. ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே உதவும். ஆகவே சிகிச்சைக்குப் பின் எடுக்கும்போது அதே அறை, அதே வெப்பம், அதே தூரம், அதே இருபது நிமிடம் வேண்டும். கட்டில் நின்ற இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவைத்திருக்கிறேன்.